கண்ணாடிக்காரர் கொடுத்த வாக்கு

அத்தியாயம் 14

பொம்மைக்குப் பதிலாக மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்த கதை டென்மார்க்கின் வைலே நகரம் முழுக்கப் பரவி ஒரு கிழமையாகிவிட்டது.

பரப்பியவன் வேறு யாருமல்ல, மேரிகிறேஸின் சொந்தத் தம்பி ஸ்ரனிஸ்லாஸ்தான். அந்த 1986ஆம் ஆண்டில் வைலேயில் இருந்த தமிழர் அத்தனை பேரையும் ஒரே பஸ்சில் ஏற்றிவிடலாம். அதனால் பரப்புவதற்கு அவனுக்கு அதிகம் மினக்கெட வேண்டியிருக்கவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மேரிகிறேஸின் கணவர் அந்தோனிதாசன் மன்னார் ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் அம்புலன்சில் போன சிற்றூழியர். முருங்கன் வீதியில் ஓடுகிற வண்டிக்குள்ளேயே மூன்று பிள்ளைகளைப் பிறப்பித்த கை அவருடையது. டென்மார்க்குக்கு வந்தபின் அந்தக் கை ஒன்றரை வருடம் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு வெட்டியது. பிறகு டெனிஷ் படித்து, சாரதிப் பத்திரம் எடுத்து, முதலுதவிப் பயிற்சி முடித்து, நகரத்து மீட்பு நிலையத்தில் மூன்று மாதப் பரீட்சார்த்த வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அந்த நிலையத்தில் அம்புலன்சில் போகிறவன்தான் தீயும் அணைக்க வேண்டும், நடுவழியில் நின்றுபோன காரையும் கட்டி இழுக்க வேண்டும். காலையில் ஒன்று, மத்தியானம் இன்னொன்று. வேலைக்கேற்ப ஆளை மாற்ற மாட்டார்கள், ஆள்தான் சட்டையை மாற்ற வேண்டும்.

அந்தோனிதாசனுக்குப் பார்வை மைனஸ் ஐந்து. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது மனைவியா மின்கம்பமா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புகைக்குள் போகிறவர்கள் போடும் முகமூடி அவருடைய கண்ணாடிக் கம்பியில் இடறி, ஓரத்தால் காற்று விட்டது. சரி என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் புகை நிரப்பிய பயிற்சி அறைக்குள் போனார். உள்ளே கிடக்கிற ஆளுயரப் பொம்மையைக் காப்பாற்றிக்கொண்டு வா என்றார்கள். அவர் பதினொரு நிமிடம் தடவித் தேடி, ஒரு மெத்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அவரைக் காரில் கொண்டுபோய் இறக்கிய ஸ்ரனிஸ்லாஸ் மதிலோடு சாய்ந்து நின்று விழுந்து விழுந்து சிரித்தான். பயிற்சி கொடுத்தவர் அவனைப் பார்த்து, "உனக்கு அவ்வளவு சிரிப்பென்றால் நீ போட்டுப் பார்" என்று முகமூடியை நீட்டினார். அவன் நாலே நிமிடத்தில் பொம்மையோடு வந்தான்.

நிலையத்தில் காலியாக இருப்பது ஒரே ஒரு இடம். மைத்துனனுக்குக் கண் இருக்கிறது, வயது இருபத்திமூன்று. அத்தானுக்கு எட்டு வருட அனுபவம் இருக்கிறது, தீக்குள் போக முடியாது. நிலையத் தலைவர் ஹோல்கர் இரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதிவிட்டு, "தீயணைக்காத ஒருவரை நான் இதுவரை வைத்ததில்லை. வைத்தால் அவருடைய தீயணைப்பு முறைவேலையை மற்றவர்கள்தான் சுமக்க வேண்டும். சுமக்கப்போகிற பதினொரு பேரும் சொல்லட்டும். வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு" என்று முடித்துவிட்டார்.

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

காலை ஆறு மணிக்கு மேரிகிறேஸ் கணவரின் சேர்ட்டை இஸ்திரிப்பெட்டியால் மூன்றாவது தடவையாக மினுக்கிக்கொண்டிருந்தாள்.

"காணும் மேரி, துணி எரியப்போகுது. பிறகு அதுக்கும் தீயணைக்க ஆள் தேட வேணும்."

"இஞ்சருங்கோ, கூட்டம் ரெண்டரைக்குத்தானே? எனக்கு மூண்டுக்கு வேலை முடிஞ்சிடும். நேரை அங்கை வாறன்."

"என்னத்துக்கு, இந்தக் குளிருக்கை நிக்கவோ?"

"நிண்டால் என்ன? கரைஞ்சே போயிடுவன்?"

ஸ்ரனிஸ்லாஸ் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து கதிரையில் குந்தினான். "அத்தான், இண்டைக்கு மெத்தை, தலைகாணி ஏதும் காப்பாத்துற வேலை கிடக்கோ?"

அந்தோனிதாசன் சிரித்தார். அவர் கோபப்படுகிற ஆளில்லை, அதுதான் மேரிகிறேஸுக்கு அவரில் கோபம்.

"சிரியடா, சிரி. அந்த இடம் உனக்குக் கிடைச்சாலும் எனக்குச் சந்தோசம்தான். வீட்டுக்குள்ளை தானே வருது."

ஸ்ரனிஸ்லாஸின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் எழும்பிப் போய் கோப்பையைக் கழுவத் தொடங்கினான். தேத்தண்ணி இன்னும் அரைவாசி இருந்தது. அதை மேரிகிறேஸ் கவனித்தாள். ஒரு பக்கம் தாலி கட்டியவர், மறுபக்கம் தாய் செத்தபிறகு அவளே வளர்த்த தம்பி. யாருக்கு நேர்ந்து மெழுகுதிரி கொளுத்துவது என்று தெரியாமல் ஒரு கிழமையாய் மாதாவுக்கு முன்னால் சும்மா நின்றுவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

"போட்டு வாறன்" என்று கதவடியில் சொன்னார் அந்தோனிதாசன்.

"ஓம், போட்டு வாங்கோ" என்றாள் அவள்.

மேரிகிறேஸுக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. மூன்றாம் மாடி, எலும்பு முறிந்தவர்களின் வாட்டு. ஏழு மணிக்குத் துடைப்பத்தை எடுத்தால் பத்து மணிக்குள் பன்னிரண்டு அறையும் முடிந்துவிடும். அங்கே அவளை எல்லோருக்கும் மேரி என்று மட்டும்தான் தெரியும். கணவர் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்று மாதம் முடிந்து வேலை நிச்சயமாகட்டும், அதற்குப் பிறகு வாய் நிறையச் சொல்லுவோம் என்று வைத்திருந்தாள். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திப் பேசி, பிறகு முகத்தில் கரி பூசிக்கொள்ள அவளுக்கு விருப்பமில்லை.

ஆறாம் அறைக்குள் போனபோது ஒரே சத்தமாக இருந்தது.

கட்டிலில் எய்னார் என்ற கிழவர். எண்பத்தொரு வயது, ஓய்வுபெற்ற தபால்காரர். மலைப்பக்கத்துச் சாய்வான தெருவொன்றில் தனியாக இருக்கிறவர், நேற்று மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஒன்பது மணிக்குச் சத்திரசிகிச்சை. தள்ளுகட்டில் வந்து நிற்கிறது. அவரோ கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்கிறார்.

"எய்னார், டொக்டர் காத்திருக்கிறார்" என்றாள் தலைமைத் தாதி கிர்ஸ்தன். அவள் இதைச் சொல்வது முதல் தடவையல்ல என்று குரலிலேயே தெரிந்தது.

"காத்திருக்கட்டும். நானும்தான் காத்திருக்கிறேன்."

"யாருக்கு?"

"அம்புலன்சில் வந்த கறுப்பு மனிதருக்கு. கண்ணாடி போட்டவர். நேற்று என்னை இந்தக் கட்டிலில் கிடத்திவிட்டு, என் கையைப் பிடித்து, திரும்பி வருகிறேன் என்று சொன்னார். நான் இரவு முழுக்க விழித்திருந்து பார்த்தேன். வரவில்லை. ஆனால் வருவார். அவர் வந்தபிறகு வெட்டுங்கள்."

மேரிகிறேஸின் கையில் துடைப்பம் அப்படியே நின்றுவிட்டது.

வைலே முழுக்கச் சல்லடை போட்டாலும் அம்புலன்சில் கண்ணாடி போட்ட கறுப்பு மனிதர் ஒருவர்தான். அந்த ஒருவரின் சேர்ட்டைத்தான் அவள் விடியற்காலையில் மூன்று தடவை மினுக்கினாள். என்ன நடந்தது என்று அவளுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அந்த மனுசன் கிழவருக்கு ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. வாயில் ஊறிப்போன "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன் என்பதைத்தான் டெனிஷில் சொல்லியிருக்கிறார். நோயாளியின் கட்டிலடியில் நின்று எந்தத் தமிழன் "போறன்" என்று சொல்லுவான்? பெற்றவள் அடிக்க வருவாள்!

வாட்டுக்கு நடுவில் இருந்த மேசைக்குப் போன கிர்ஸ்தன் தொலைபேசியை எடுத்தாள். "எண்பத்தொரு வயதில் இந்த இடுப்பை இன்னொரு நாள் விட்டால் நெஞ்சில் சளி கட்டும். பிறகு எழும்பவே மாட்டார். நோயாளிக்கு இப்படியெல்லாம் உறுதி கொடுக்கக் கூடாதென்று அந்த நிலையத்தில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையா? முறைப்பாடு செய்யப்போகிறேன்."

மேரிகிறேஸ் மணிக்கூட்டைப் பார்த்தாள். பதினொரு பேர் இரண்டரை மணிக்குக் கூடப்போகிறார்கள். பத்து மணிக்கு ஒரு முறைப்பாடு போய்ச் சேர்ந்தால், தீயும் அணைக்கத் தெரியாது, நோயாளியையும் ஏமாற்றினார் என்று கதை முடிந்துவிடும். திங்கட்கிழமை திரும்பவும் எலும்பு வெட்டத்தான் போக வேண்டும்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். யாருக்குத் தெரியும் அது தன் புருசன் என்று? துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஏழாம் அறைக்குப் போய்விட்டால் முடிந்தது. கால் இரண்டடி அந்தப் பக்கம் போயும் விட்டது.

பிறகு திரும்பி வந்தாள். ஏன் வந்தாய் என்று பிற்பாடு பலபேர் கேட்டார்கள். அவர் செய்தது பிழையில்லை, பிழையில்லாத மனுசனுக்காக நான் ஏன் ஒளிய வேணும் என்றுதான் எல்லோருக்கும் சொன்னாள்.

"கிர்ஸ்தன்" என்றாள். தலைமைத் தாதியை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு இன்னும் நாக்குக் கூசும். "அது என் கணவர்."

கிர்ஸ்தனின் விரல் தொலைபேசி வட்டில் நின்றது. "யார்?"

"அம்புலன்ஸ். கண்ணாடி. என் கணவர். அவர் பொய் சொல்லவில்லை." அவளுடைய டெனிஷ் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் வந்தது, ஆனால் நிற்கவில்லை. "எங்கள் ஊரில் நோயாளியிடம் போகிறேன் என்று சொல்வதில்லை. அது கெட்ட சொல். அப்படிச் சொன்னால் இனி உன்னைப் பார்க்கமாட்டேன் என்று சாபம் போடுவது மாதிரி. போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல வேண்டும். கடைக்குப் போனாலும் அப்படித்தான். எல்லோரும். எப்போதும்."

கிர்ஸ்தன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதமாக இந்தப் பெண்ணின் வாயிலிருந்து காலை வணக்கத்துக்கு மேல் ஒன்றும் வந்ததில்லை.

"நான் பேசுகிறேன்" என்று மேரிகிறேஸ் கையை நீட்டினாள். "நிலையத்துக்கு. நான்."

வீட்டில் தொலைபேசி அடித்தால் கணவரைக் கூப்பிட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விடுகிறவள் அவள். முகம் தெரியாமல் டெனிஷ் பேசுவது என்றால் கிணற்றுக்குள் குனிந்து பேசுவது போல இருக்கும். கிர்ஸ்தன் எண்ணைச் சுழற்றிக் கொடுத்தாள். மறுமுனையில் ஹோல்கரின் கட்டைக்குரல் வந்தது.

அவள் முழுவதையும் சொன்னாள். இடையில் இரண்டு தடவை சொல் கிடைக்காமல் நின்றாள், ஹோல்கர் அவசரப்படுத்தவில்லை.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் ஹோல்கர்.

"எதற்கு?"

"திரும்பி வருவதற்கு. வந்தால் எவ்வளவு நேரம் அங்கே நிற்க வேண்டும்?"

"ஐந்து நிமிடம்" என்றாள் மேரிகிறேஸ். தன்னையறியாமல் ஐந்து விரலையும் தொலைபேசிக்குக் காட்டினாள்.

"பதினொன்றரைக்கு ஒரு நோயாளியோடு அங்கே வருகிறார்கள். வானொலியில் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடம் கொடுக்கிறேன்."

வைத்துவிட்டார். கோபமா, இல்லையா என்று அந்தக் குரலில் இருந்து ஒரு சொட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. டொக்டரிடம் பேசிச் சத்திரசிகிச்சையைப் பன்னிரண்டுக்கு மாற்ற கிர்ஸ்தன் போனாள்.

பதினொன்றரைக்கு மேரிகிறேஸ் மூன்றாம் மாடி நடைபாதையை இரண்டாந் தடவையாகத் துடைத்துக்கொண்டு நின்றாள். துடைக்கத் தேவையே இல்லை. கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

லிப்ட் கதவு திறந்தது.

அவருடைய சீருடையை அவள் எத்தனையோ தடவை தோய்த்திருக்கிறாள், காயப்போட்டிருக்கிறாள், மினுக்கியிருக்கிறாள். அதை உடுத்திக்கொண்டு அவர் வேலையில் நடந்து வருவதை இன்றுதான் பார்த்தாள். கனத்த சப்பாத்து, இடுப்பில் கத்தரிக்கோல், மார்பில் பெயர். பின்னால் அவருடைய வண்டித் துணை பெண்ட், ஆறடி இரண்டு அங்குலத்தில் ஒரு டேனிஷ்காரர், நிலையத்தின் தொழிற்சங்கப் பிரதிநிதியும் அவர்தான். அந்தோனிதாசன் தோளுயரம்தான் இருந்தார். ஆனாலும் முன்னால் வந்தவர் அவர்தான்.

வேகமாக வந்தவர் ஈரத் தரையின் ஓரத்துக்கு வந்ததும் சடக்கென்று நின்றார். வீட்டில் அவள் குசினி கழுவுகிற நேரம் நிற்பாரே, அதே நிலை. ஒரு கால் சப்பாத்தைக் கழற்றுவதற்கு மற்றக் காலைத் தேடவும் தொடங்கிவிட்டது.

"வாங்கோ வாங்கோ" என்றாள் மேரிகிறேஸ். "பறவாயில்லை, நான் திரும்பத் துடைப்பன்."

"ஈரமாக்கிடக்கு மேரி."

"கிடக்கட்டும். சப்பாத்தோடை வாங்கோ."

மேசையடியில் நின்ற மூன்று தாதிமார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி மெல்லக் கேட்டாள், "மேரி, இவர் உன் கணவரா?"

"ஆம். என் கணவர்" என்றாள் மேரிகிறேஸ். கல்யாணத்தன்று சம்மதமா என்று சுவாமியார் கேட்டபோதுகூட அவள் இவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை. காது மடல் சூடேறியது. துடைப்பத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அவர் விட்டுப்போன சப்பாத்து அடையாளங்களைப் பார்த்தாள். துடைக்க மனம் வரவில்லை.

ஆறாம் அறையில் எய்னார் தலையைத் திருப்பினார். "பிந்திவிட்டாய்."

"ஓம், பிந்திவிட்டேன்" என்றார் அந்தோனிதாசன். டெனிஷில் சொன்னாலும் அந்த "ஓம்" மட்டும் தமிழிலேயே வந்தது. "நீங்கள் இவ்வளவு நேரம் விழித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. மன்னிக்க வேண்டும்."

"என் மனைவி போய் எட்டு வருடம். வீட்டுக்கு மீற்றர் பார்க்க வருகிறவன், சாப்பாடு கொண்டுவருகிறவள், எல்லோரும் போகிறேன் என்றுதான் போகிறார்கள். திரும்பி வருகிறேன் என்று நீதான் சொன்னாய். நீ வருகிறாயா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான்."

அந்தோனிதாசன் கட்டிலுக்குக் கிட்டப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

பிறகு வேலையில் இறங்கினார். தள்ளுகட்டிலுக்கு மாற்ற இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர் அவர்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, விரிப்பு ஒன்றைக் குறுக்காக மடித்து, கிழவரின் இடுப்புக்குக் கீழே விரல் விரலாக நுழைத்தார். மன்னாரில் தள்ளுகட்டிலே இல்லாத நாட்களில் பழகிய வித்தை. "மூன்று சொல்லும்போது நீங்கள் மூச்சை விடுங்கள், எய்னார்." ஒன்று, இரண்டு, மூன்று. கிழவர் முகம் சுளிக்கவேயில்லை. எதிர்ப்பக்கம் தாங்கிய பெண்ட், விரிப்பின் மடிப்பைக் குனிந்து பார்த்தார்.

தள்ளுகட்டில் நகரத் தொடங்கியதும் எய்னார் அவருடைய கையைப் பிடித்தார். "இப்போது என்ன சொல்லிவிட்டுப் போகப்போகிறாய்?"

எல்லோரும் அந்தோனிதாசனைப் பார்த்தார்கள். கிர்ஸ்தனும்தான்.

"திரும்பி வருகிறேன்" என்றார் அவர். "இந்தமுறை நாளும் சொல்கிறேன். ஞாயிறு, பூசை முடிந்தபிறகு. மனைவியோடு."

பத்து நிமிடத்தில் ஒன்பது முடிந்திருந்தது. பெண்ட் போகிற போக்கில் மேரிகிறேஸுக்குத் தலையசைத்தார். அது வணக்கமா, அனுதாபமா என்று அவள் மூன்று மணி வரைக்கும் யோசித்தாள்.

மூன்றேகாலுக்கு நிலையத்துக்கு எதிரே இருந்த பஸ் தரிப்பில் போய் நின்றாள். பின்னேரமே இருட்டத் தொடங்கியிருந்தது. கடல்வாயிலிருந்து வந்த காற்று கோட்டின் கீழால் புகுந்தது. எதிரே வெளிச்சமான யன்னலுக்குள் நீள மேசை, கோப்பிக் கோப்பைகள், பெரிய பெரிய முதுகுகள். யாரோ ஒருவர் எழும்பி நின்று கையை ஆட்டிப் பேசுகிறார். அது ஆதரவா எதிர்ப்பா? இரண்டு பஸ் வந்தது. இரண்டு சாரதிகளும் கதவைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு போனார்கள்.

மூன்றே முக்காலுக்குக் கதவு திறந்து அந்தோனிதாசன் வெளியே வந்தார். விளக்குக்குக் கீழே நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த மனுசன் துக்கம் வந்தாலும் கண்ணாடியைத்தான் துடைப்பார், சந்தோசம் வந்தாலும் கண்ணாடியைத்தான் துடைப்பார்.

"இஞ்சருங்கோ!" தெருவைக் குறுக்கறுத்து ஓடினாள். ஒரு சைக்கிள்காரன் மணியடித்துத் திட்டினான். "என்னவாம்? சொல்லுங்கோவன்!"

அவர் கண்ணைச் சுருக்கிக் குரல் வந்த பக்கம் பார்த்தார். கண்ணாடி இன்னும் கையில்தான் இருந்தது.

"மேரியோ?"

"இல்லை, மின்கம்பம்! சொல்லுங்கோ!"

"எட்டுக்கு மூண்டு" என்றார்.

"ஆருக்கு எட்டு?"

"எனக்கு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். நடுத்தெருவில் அப்படிப் பிடிக்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை.

"ஒருத்தர் கடைசிவரைக்கும் ஒத்துக்கொள்ளேல்லை. தீக்குள்ளை வராதவனோடை எப்பிடி ஒரு மேசையிலை இருக்கிறதெண்டு கேட்டார். அவர் கேட்டதும் ஞாயம்தான். பிறகு பெண்ட் எழும்பினார். இண்டைக்கு நடந்ததைச் சொன்னார். விரிப்பு மடிச்சதைத்தான் கனநேரம் சொன்னார். திங்கக்கிழமை எல்லாருக்கும் காட்டித்தர வேணுமாம்."

"ஹோல்கர் ஏதும் பேசினவரோ? நான் ரெலிபோன் எடுத்ததுக்கு?"

"முறைப்பாடு ஏதும் வந்ததோ எண்டு ஒருத்தர் கேட்டார். வந்தது, ஆனால் அதை எடுத்துச் சொன்னது அவரின்ரை மனுசி, தானே பேர் சொல்லி, எண்டு ஹோல்கர் சொன்னார். அப்பிடியொரு வீட்டிலையிருந்து வாற ஆளை நம்பலாமாம்." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார். "நீர் டெனிஷிலை ரெலிபோன் பேசினீராம். நான் நம்பேல்லை எண்டு சொன்னனான்."

"போங்கோ" என்றாள். உள்ளுக்குள் பொங்கியது அவளுக்குத்தான் தெரியும்.

"ஒரு கட்டுப்பாடு கிடக்கு மேரி. தீ முறை செய்யாததுக்கு ஈடாய், நத்தார் ராவும் வருசப்பிறப்பு ராவும் அம்புலன்ஸ் என்ரை. எல்லா வருசமும்."

கிறிஸ்மஸ் இரவில் பாலன் பிறக்கிற பூசைக்கு அவள் தனியாகத்தான் போக வேண்டும். அது கொஞ்சம் சுட்டது. "செய்யுங்கோ" என்றாள். "அண்டைக்கும் ஆரும் விழுந்து காலை உடைப்பினம்தானே."

நாலைந்து பேர் வெளியே வந்து ஒவ்வொருவராக அவருக்குக் கைகொடுத்தார்கள். பிறகு அவளுக்கும் கொடுத்தார்கள். கடைசியாக வந்தவர் எதிர்த்துப் பேசியவராக இருக்க வேண்டும், சிரிக்கவில்லை. ஆனால் கையை இறுக்கித்தான் பிடித்தார்.

நடந்து வரும்போது அந்தோனிதாசன் சொன்னார், "தம்பிக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டுதான்."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவு திறக்கும்போதே ஸ்ரனிஸ்லாஸுக்கு அக்காவின் முகத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. "மெத்தைவீரன் வெண்டிட்டார்!" என்று கத்திக்கொண்டு அத்தானைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். கோழிக்கறி மணத்தது. அவன் அன்று தொழிற்சாலையில் பின்னேர முறை வேலைக்குப் போகாமல் நின்று சமைத்திருந்தான். அவர் குளிக்கப் போனார்.

மேரிகிறேஸ் கோட்டைக் கொழுவப் போனாள். கொளுக்கியிலிருந்து தம்பியின் சட்டை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து உதறியபோது ஒரு கடிதம் வெளியே வந்தது. ஒட்டிய உறை. அஞ்சல் குறி விழாத புது முத்திரை. நிலையத்தின் விலாசம், தம்பியின் கோணல் எழுத்து.

அவன் குசினி வாசலில் அகப்பையோடு நின்றான்.

"என்னடா இது?"

"ஒண்டுமில்லை அக்கா. தாங்கோ."

"ஸ்ரனிஸ்லாஸ்."

அவன் குளியலறைக் கதவைப் பார்த்தான், தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எனக்கு அந்த இடம் வேண்டாம், அத்தானுக்குக் குடுங்கோ எண்டு எழுதினனான். டெனிஷ் வாத்தியார் திருத்தித் தந்தவர். மூண்டு நாளாய்த் தபால்பெட்டிக்கு முன்னாலை போய் நிண்டிட்டு வந்தன். போட மனம் வரேல்லை." அகப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கும் விருப்பம்தான் அக்கா. அந்தப் புகைக்குள்ளை போய் அந்தப் பொம்மையைத் தூக்கின நேரம்... அப்பிடி நான் ஒண்டையும் இந்த நாட்டிலை செய்யேல்லை. அத்தானுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவர் அறிஞ்சால் வேலையை விட்டிடுவார்."

அவன் சொன்னது சரி. அந்த மனுசன் விடக்கூடியவர்தான். தம்பி விட்டுக்கொடுக்க நினைத்தான், முடியவில்லை. முடியவில்லை என்பதையும் ஒளிக்கவில்லை. மேரிகிறேஸுக்குத் தன் தம்பி அந்த நிமிடம் தன்னைவிட உயரமாகத் தெரிந்தான். கணவரின் வெற்றி தானமாக வந்ததில்லை, இரண்டு பெயரும் தாளில் இருக்கும்போதே வந்தது. அதை நினைக்க நிறைவாக இருந்தது. ஆனால் அகப்பையோடு நிற்கிறவனைப் பார்க்க நெஞ்சு நொந்தது.

தொலைபேசி அடித்தது.

வழக்கமாக அவள் குளியலறைக் கதவைத் தட்டியிருப்பாள். இன்று தானே எடுத்தாள்.

"ஹோல்கர் பேசுகிறேன்."

"அவர் குளிக்கிறார்" என்றாள். மனம் மாறிவிட்டார்களோ?

"அவர் வேண்டாம். அவரை இன்று போதுமான அளவு பார்த்துவிட்டேன்." கட்டைக்குரலுக்குள் ஒரு சிரிப்பு இருந்தது போலத் தெரிந்தது. "அம்புலன்சுக்கு ஆள் கிடைத்துவிட்டார். ஆனால் தீயணைக்கிற வரிசையில் எனக்கு இப்போது ஒரு இடம் ஓட்டையாகிவிட்டது. முழுநேர வேலை இல்லை, தீ என்றால் மட்டும் ஓடிவர வேண்டும். தொழிற்சாலை வேலையை வைத்துக்கொண்டே செய்யலாம். நாலு நிமிடத்தில் பொம்மையைக் கொண்டுவந்த பையன் வீட்டில் இருக்கிறானா?"

மேரிகிறேஸ் தம்பியைப் பார்த்தாள். அவன் புரியாமல் அவளைப் பார்த்தான். அவளுடைய ஒரு கையில் தொலைபேசி, மற்றக் கையில் ஒட்டிய கடிதம்.

"தம்பி, உனக்குத்தான்" என்று இரண்டு கையையும் அவனிடம் நீட்டினாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.